மலையகச் சிறார்களுக்கு மண்சரிவைப் பற்றிக் கூறும் நூல் எங்கே?

சூறாவளி என்பது கரையோர மக்களின் கவலை என்ற எண்ணம் மலையகத்தில் நெடுங்காலமாக வேரூன்றியிருந்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்து மன்னாரையும் வடபகுதியையும் உலுக்கிய புயலும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய சூறாவளியும் அந்த எண்ணத்தை உறுதிப்படுத்தின. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைக் கடந்த டித்வா சூறாவளி அதனை முற்றாகத் தகர்த்துவிட்டது. நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த அந்த அனர்த்தத்தில் மிகக் கூடிய இழப்பைச் சந்தித்தவை கடலைக் காணாத கண்டி, பதுளை, நுவரெலியா ஆகிய மாவட்டங்களே. அங்கு மக்களைக் கொன்றதில் காற்றை விட மழைக்கும், மழையில் ஊறிச் சரிந்த மலைகளுக்குமே பெரும் பங்குண்டு.

இத்தகைய அனர்த்தங்களின் பின்னர் நிவாரணம், வீடமைப்பு, நட்டஈடு என்பன பற்றிப் பேசப்படுகின்றது. பேசப்பட வேண்டியவைதாம். ஆனால் லயன் அறைகளை விட்டு வெளியேறிப் பாடசாலை மண்டபங்களில் நாட்களைக் கழித்த சிறுவர்களின் மனதில் எழும் கேள்விக்கு எவரும் விடையளிப்பதில்லை. மலை ஏன் சரிந்தது? அது சரியப்போகின்றது என்பதை முன்கூட்டியே அறிய வழியில்லையா? இக்கேள்விகளுக்கு அச்சிறுவர்களின் மொழியில், அவர்களது வயதுக்கேற்ற வகையில், அவர்களது மலையையே உதாரணமாகக் கொண்டு விடை கூறும் நூலொன்று பண்டாரவளையிலோ பதுளையிலோ உள்ள ஒரு தோட்டப் பாடசாலை மாணவனின் கைக்கு இன்றுவரை எட்டவில்லை என்பது கவலைக்குரியதாகும்.

தமிழில் சிறுவர்களுக்கான அறிவியல் நூல்களே இல்லை எனக் கூறுவது உண்மைக்குப் புறம்பானது. பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம் இத்துறையில் ஒரு பெரும் சாதனை. அதன் பின்னரும் மழை, புயல், நிலநடுக்கம், எரிமலை என்பன குறித்து வண்ணப் படங்களுடன் கூடிய நூல்கள் சென்னையிலிருந்து வந்தவண்ணமே உள்ளன. இவற்றிற் பல ஆங்கில நூல்களைத் தழுவியவை. அவற்றைப் படிக்கும் ஊவா மாணவன் அமெரிக்கச் சமவெளிகளில் சுழன்றடிக்கும் காற்றையும், இத்தாலியில் தீக்குழம்பைக் கக்கிய மலையையும் அறிந்துகொள்கின்றான். அவ்வறிவு வீணானதல்ல. எனினும் எரிமலை ஒன்றுமே இல்லாத இலங்கையில் எரிமலையைப் பற்றி அறிந்த சிறுவன், தன் வீட்டின் பின்புறத்து மண் மேட்டில் தோன்றிய வெடிப்பு எதைக் குறிக்கின்றது என்பதை அறியாதிருக்கிறான் என்றால், அவன் பெற்ற கல்வியில் ஏதோ ஓர் இடைவெளி உள்ளது என்றே கொள்ள வேண்டும்.

பாடநூல்களில் இயற்கை அனர்த்தங்கள் பற்றிய பகுதிகள் இல்லாமலில்லை. ஆயினும் நாடு முழுவதற்கும் பொதுவாக எழுதப்படும் பாடநூல் பொதுவாகவே பேச முடியும். தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று மலைநாட்டிற்கு மழையைத் தருகின்றது என மாணவர்கள் மனனம் செய்கின்றனர். மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் மலைத்தொடரின் மறுபுறத்தில், மழை மறைவில் அமைந்துள்ள பண்டாரவளைக்கும் வெலிமடைக்கும் அதே காலம் வறண்ட காலமாகும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை இங்கு வீசும் கச்சான் காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற மணத்தைத் தருகின்றது. ஊவாவின் அபாய காலம் ஒக்டோபரில் இரண்டாம் இடைப்பருவப்பெயர்ச்சியுடன் தொடங்கி வடகீழ் பருவப்பெயர்ச்சி வரை நீள்கின்றது. மார்ச், ஏப்ரல் மாதங்களின் இடிமழையும் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. மீரியபெத்தை மண்சரிவு நிகழ்ந்தது 2014 ஒக்டோபர் 29. பண்டாரவளை பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து பல குடும்பங்கள் வீடிழந்தது 2023 மார்ச் 19. டித்வா வந்தது நவம்பர் இறுதி. இம்மூன்று திகதிகளையும் வரிசையாக எழுதினாலே ஊவாவின் அபாய நாட்காட்டியொன்று உருவாகிவிடும்.

இவ்விடத்தில் சிந்திக்க வேண்டிய வரலாற்று உண்மையொன்றும் உண்டு. இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் தொடங்கி இம்மலைகளுக்கு அழைத்துவரப்பட்ட எமது மூதாதையரிற் பெரும்பாலானோர் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் போன்ற சமவெளிப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் தம்முடன் கொண்டுவந்த மழை பற்றிய அறிவு குளமும் வயலும் சார்ந்தது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்ற முதுமொழி ஊவாவிற்கும் ஏறத்தாழப் பொருந்துகின்றது. ஆனால் சமவெளியில் அந்த மழை குளத்தை நிரப்பும் மகிழ்ச்சிச் செய்தி. காடழித்துக் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிடப்பட்ட செங்குத்தான சரிவுகளிலோ அதே மழை மலையின் பிடியைத் தளர்த்துகின்றது. மழை எப்போது வரும் என்பதைப் பாட்டி சொல்லித் தந்தாள். மலை எப்போது சரியும் என்பதைச் சொல்லித்தர அவளிடம் பழமொழி இருக்கவில்லை. அந்த வெற்றிடத்தை இன்று நூல்தான் நிரப்ப வேண்டும்.

அறிவியல் அறிவு இந்நாட்டில் இல்லாததால் அந்த வெற்றிடம் நீடிக்கவில்லை. 1986 ஜனவரியில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் ஏற்பட்ட மண்சரிவுகளைத் தொடர்ந்து, 1990 முதல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியுடன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அவ்விரு மாவட்டங்களுக்கும் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிக்கத் தொடங்கியது. 1:10,000 என்ற அளவில், எந்தச் சரிவு எந்தளவு ஆபத்தானது என்பதைக் காட்டும் வரைபடங்கள் அவை. மழைவீழ்ச்சியை அடிப்படையாகக் கொண்ட எச்சரிக்கை அளவுகளையும் அந்நிறுவனம் வகுத்துள்ளது. 24 மணித்தியாலங்களில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு நிலை. 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் எச்சரிக்கை நிலை. 150 மில்லிமீற்றரை எட்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வெளியேற வேண்டும். 75, 100, 150 என்ற இம்மூன்று எண்களை மனதில் வைத்துக்கொள்வது பத்து வயதுச் சிறுமிக்குக் கடினமான காரியமல்ல. வாய்பாட்டை விட எளிதானது. ஆனால் அவை அலுவலக அறிக்கைகளிலும் அதிகாரிகளின் கணினிகளிலுமே தங்கிவிட்டன.

ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில், கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தையில் நடந்தது எல்லோரும் அறிந்ததே. காலை வேளையில் பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்ற பின்னர் மலை சரிந்து லயன் வரிசைகளை மூடியது. பாடசாலை சென்றிருந்த காரணத்தால் உயிர் தப்பிய பிள்ளைகள் பெற்றோரை இழந்து நின்றனர். அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தமை பின்னர் பலராலும் சுட்டிக்காட்டப்பட்டது. எச்சரிக்கை கடிதமாக வந்தது. வாழ்வதற்கு மாற்றுக் காணி வரவில்லை. அதேவேளை, அந்த எச்சரிக்கையின் பொருளை ஒரு குடும்பம் தன் இரவுணவு வேளையில் பேசி விளங்கிக்கொள்ளும் வகையில் எடுத்துரைக்க எவரும் முன்வரவில்லை என்பதும் உண்மையாகும்.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது ஆழிப்பேரலையின் அனுபவம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பின்வாங்கியபோது இலங்கைக் கரைகளில் பலர் அதனை வேடிக்கை பார்க்கச் சென்றனர். கடல் பின்வாங்குவதன் பொருள் எமக்குத் தெரிந்திருக்கவில்லை. அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், மை காவோ கடற்கரையில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்த டிலி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி, இரு வாரங்களுக்கு முன்னர் புவியியல் வகுப்பில் கற்றதை நினைவுகூர்ந்து பெற்றோரை எச்சரித்தாள். அக்கரையிலிருந்த ஏறத்தாழ நூறு பேர் உயிர் தப்பினர். இந்தோனேசியாவின் சிமெலூ தீவிலோ 1907ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையை மறவாத மக்கள், நிலம் அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதைத் தாலாட்டிலும் கதையிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருந்தனர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அத்தீவில் 2004இல் இறந்தோர் ஏழு பேர் மட்டுமே.

இவ்விரு சம்பவங்களும் உணர்த்துவது ஒன்றே. உயிர் காக்கும் அறிவு நீண்டதாக இருக்க வேண்டியதில்லை. அது ஒரு வாக்கியமாக இருக்கலாம். உரிய பிள்ளையின் நினைவில் உரிய நேரத்தில் இருந்தால் போதும். 2004க்குப் பின்னர் இலங்கையில் கடல் பின்வாங்கினால் ஓடு என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த பாடமாகிவிட்டது. அதற்கு நாம் கொடுத்த விலை பல்லாயிரம் உயிர்கள். மலைக்கான விலையையும் நாம் மீரியபெத்தையிலும் டித்வாவிலும் கொடுத்துவிட்டோம். ஆனால் மலைக்கான வாக்கியம் இன்னும் எழுதப்படவில்லை.

அவ்வாறான நூலொன்று எழுதப்படுமாயின் அதில் என்ன இருக்க வேண்டும்? முதலாவதாக, மழையை அளக்கும் வழி. நேரான பக்கங்களையுடைய வெற்றுப் பால்மா டின் ஒன்றும் ஓர் அடிமட்டமும் போதும். மரநிழலோ கூரையோ இல்லாத வெளியில் அதனை வைத்து, தினமும் ஒரே நேரத்தில் நீரின் உயரத்தை அளந்து குறிக்கப் பிள்ளைகளைப் பழக்கலாம். அது உத்தியோகபூர்வ மழைமானிக்கு ஈடாகாது. ஆனால் ஏழரைச் சென்ரிமீற்றர் நீர் ஒரே நாளில் நிறைந்துவிட்டதென்றால் அது சாதாரண மழையல்ல என்பதை அப்பிள்ளை தன் கண்ணாலேயே காணும்.

இரண்டாவதாக, அந்த நீர் மலைக்கு என்ன செய்கின்றது என்ற விளக்கம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீராகும். ஓர் ஏக்கர் தேயிலை மலையில் 75 மில்லிமீற்றர் பெய்தால் மூன்று இலட்சம் லீற்றர், அதாவது 300 தொன் நீர் விழுகின்றது. அதில் ஒரு பகுதி வழிந்தோடும். எஞ்சியது மண்ணுக்குள் இறங்கி, அதன் பாரத்தைக் கூட்டுவதோடு மண் துணிக்கைகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியையும் தளர்த்துகின்றது. வடிகான்கள் தூர்ந்து போயிருந்தால் உள்ளே இறங்கும் அளவு கூடும். முன்னைய சரிவுகளில் வந்து குவிந்த மண்ணின் மீது லயன்கள் கட்டப்பட்டிருந்தால் ஆபத்து இன்னும் அதிகமாகும். கணக்குப் பாடத்தில் பெருக்கல் கற்ற மாணவன் இதனை இலகுவில் விளங்கிக்கொள்வான்.

மூன்றாவதாக, மலை தரும் அறிகுறிகள். நிலத்திலும் சுவரிலும் புதிதாகத் தோன்றி அகலும் வெடிப்புகள், காரணமின்றி இறுகும் கதவுகள், சாயும் மரங்களும் மின்கம்பங்களும், திடீரெனப் புதிய இடத்தில் கசியும் ஊற்று, வழமையாக ஓடிய ஊற்று நின்றுபோதல், தெளிந்த நீர் சேறாகக் கலங்குதல் ஆகியன அவை. இவற்றை முதலிற் காண்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளே. அதிகாலையில் கொழுந்து பறிக்கச் செல்லும் பெற்றோர் மாலையில் களைத்துத் திரும்புகின்றனர். பீலியில் தண்ணீர் பிடிப்பவர்களும், லயத்தின் பின்புறத்தில் விளையாடுபவர்களும், குறுக்குப் பாதையால் பாடசாலைக்கு நடப்பவர்களும் பிள்ளைகள்தாம். தாம் கண்டதன் பொருளை அவர்கள் அறிந்திருந்தால் ஒரு தோட்டத்திற்கே அவர்கள் கண்களாக விளங்குவர்.

எல்லா வெடிப்பும் மழையால் வருவதல்ல என்பதையும் அந்நூல் கூற வேண்டும். உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தினுள் 2014 டிசம்பர் முதல் நிலத்தடி நீர் பெருக்கெடுத்தபோது பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017 ஜூனில் மக்கள் வீதியில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். அத்திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. வற்றிய கிணற்றைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு நிலத்தடி நீர் என்றால் என்ன, மனிதர் அதில் கை வைத்தால் என்ன நிகழும் என்பதைச் சொல்லாமல், அனர்த்தம் எல்லாவற்றையும் இயற்கையின் சீற்றம் என்றே எழுதிவைப்பது நேர்மையான கல்வியாகாது.

சிறுவர்களிடம் இவற்றைக் கூறுவது அவர்களை அச்சுறுத்துமே எனச் சிலர் தயங்கலாம். தயக்கம் நியாயமானது. ஆனால் பூனாகலைப் பிள்ளைக்கு அச்சம் ஏற்கனவே உள்ளது. மழை வலுத்த ஒவ்வோர் இரவிலும் அது தூக்கமின்றிக் கிடக்கின்றது. அளவும் காரணமும் அறியாத அச்சமே பிள்ளையைத் தின்னும். என்ன நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அறிந்த பிள்ளை, மழை 20 மில்லிமீற்றர் மட்டுமே என அறிந்து நிம்மதியாக உறங்கவும் கற்றுக்கொள்ளும். சிதைந்த வீடுகளின் படங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கும் நூல் அச்சத்தையே வளர்க்கும். அளக்கவும் அவதானிக்கவும் கற்பிக்கும் நூல் தைரியத்தை வளர்க்கும்.

இதனை விடக் கடினமான ஆட்சேபனை வேறொன்றுண்டு. பாதுகாப்பான காணியும் வீடும் வழங்க வேண்டிய அரசும் கம்பனிகளும் அக்கடமையிலிருந்து நழுவி, பிள்ளைகளின் கையில் நூலைக் கொடுத்து விழித்திருக்கச் சொல்வது முறையா? முறையல்ல. அபாய வலயத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்தையும் பாதுகாப்பான இடத்தில் குடியமர்த்துவதற்கு எந்த நூலும் மாற்றாகாது. மீரியபெத்தை மக்களுக்கு மாகல்தெனியவில் வீடுகள் கையளிக்கப்பட இரு வருடங்கள் சென்றன. அத்தகைய காத்திருப்பில் இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உள்ளன. அவர்கள் காத்திருக்கும் ஒவ்வோர் ஐப்பசியிலும் மழை பெய்யும். வீடு வரும் வரையான அந்த இடைக்காலத்தில் உயிரோடிருப்பதற்கே நூல் வேண்டும். அத்துடன், தன் மலையின் அபாய வரைபடத்தை வாசிக்கத் தெரிந்த தலைமுறையொன்று உருவாகுமாயின், காணி உரிமைக்கான கோரிக்கையையும் அது ஆதாரங்களுடன் முன்வைக்கும். அறிவு உரிமைக் குரலை மழுங்கடிப்பதில்லை, கூர்மையாக்குகின்றது.

மொழி பற்றிய வினாவும் இதனுடன் பிணைந்துள்ளது. 1987இன் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாக்கப்பட்டது. ஆயினும் டித்வாவின்போது எச்சரிக்கைகள் உரிய நேரத்தில் தமிழில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. இது மலையகத் தமிழரின் பிரச்சினை மட்டுமன்று. பதுளை, பண்டாரவளை, வெலிமடை, குருத்தலாவை என ஊவா முழுவதும் பரந்து வாழும் முஸ்லிம் பிள்ளைகளிற் பெரும்பாலானோரும் தமிழ் மொழிமூலமே கற்கின்றனர். மலை சரியும்போது அது தோட்டம், கிராமம், நகரம் எனப் பார்ப்பதில்லை. ஆகவே இந்நூல் இரு சமூகத்தின் பிள்ளைகளுக்கும் உரியது. அது பேசும் தமிழ் அவர்கள் பேசும் தமிழாக இருக்க வேண்டும். சாய்வுத் தளத்தின் உறுதிப்பாடு குன்றுதல் என எழுதினால் ஆசிரியருக்கே அகராதி தேவைப்படும். லயம், கான், பீலி, மண்மேடு என்ற சொற்களால் எழுதினால் பிள்ளை வீட்டுக்குச் சென்று தாய்க்கு வாசித்துக் காட்டும். கோயிலிலும் பள்ளிவாசலிலும் உள்ள ஒலிபெருக்கிகள் எச்சரிக்கையை அறிவிக்கும்போது அதன் பொருள் ஏற்கனவே வீட்டிற்குள் சென்று சேர்ந்திருக்கும்.

இதற்கான ஆற்றல் ஊவாவிலேயே உண்டு. அபாய வரைபடங்களும் தரவுகளும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் உள்ளன. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இயங்குகின்றது. மலையைத் தினமும் பார்த்துக் கற்பிக்கும் தமிழ்மொழி ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளனர். அவர்களில் எழுத வல்லோரும் படம் வரைய வல்லோரும் குறைவல்லர். மாகாணக் கல்வித் திணைக்களம் இவர்களை ஒரே மேசையில் அமர்த்தினால் நாற்பது பக்க நூலொன்றை எழுதி முடிக்கலாம். அதன் இறுதிப் பக்கங்களை வெறுமையாக விட்டு, ஒவ்வொரு பாடசாலையும் தன் சுற்றுப்புறத்தின் வரைபடத்தையும், பாதுகாப்பான இடத்தையும், அங்கு செல்லும் பாதையையும் மாணவர் கையாலேயே வரையச் செய்யலாம். 1980 முதல் பாடநூல்களை இலவசமாக வழங்கிவரும் நாட்டிற்கு, அபாய வலயப் பாடசாலைகளுக்கு மேலதிகமாக ஒரு சிறு நூலை அச்சிடுவது பெருஞ்சுமையாகாது. தொழிற்சங்கங்களும் நலன்புரி அமைப்புகளும் பரிசளிப்பு விழாக்களில் வழங்கும் பொருட்களோடு அதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கச்சான் காற்று ஓய்ந்ததும் ஊவாவில் மழைமேகம் திரளும். அதற்கு முன்னர், அந்த வறண்ட மாதங்களிலேயே இந்நூல் வகுப்பறைகளைச் சென்றடைய வேண்டும். அனர்த்தம் நிகழ்ந்த மறுநாள் எழும் அனுதாபம் சில வாரங்களில் வடிந்துவிடும் என்பதை நாம் பலமுறை கண்டுள்ளோம். சம்பந்தப்பட்டோர் இதனை அடுத்த ஐப்பசிக்கு முன்னர் செய்து முடிக்க வேண்டிய அவசரக் கடமையாகக் கருதிச் செயற்படுவார்களா?